பட்டப்படிப்பைத் தொடரும் தாதிய உத்தியோகத்தர்களுக்குக் கடமை விடுவிப்புக் கோரும் மனு

பெறுநர்: தாதியர் சேவைக்குப் பொறுப்பான பணிப்பாளர் அவர்கள்
அனுப்புநர்: தாதியர் சங்கச் செயலாளர், உடுவில்

ஐயா / அம்மணி,

உடுவிலிலும் அயலிலும் வசித்து அரச வைத்தியசாலைகளில் கடமையாற்றும் தாதிய உத்தியோகத்தர்கள் சார்பாக இம்மனு சமர்ப்பிக்கப்படுகிறது.

இதே விடயமாக முன்னரும் எழுதியிருக்கிறோம். முதற் கடிதத்தில், திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பைத் தொடரும் எமது அங்கத்தவர்களை வகுப்பு நாட்களில் கடமையிலிருந்து விடுவிக்குமாறு கேட்டோம். பதில் வராததால், அதன் பிரதியை இணைத்து நினைவூட்டல் அனுப்பினோம். “தங்கள் கோரிக்கை கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது” என்று ஒற்றை வரிப் பதில் கிடைத்தது. யாருடைய கவனத்தில் என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. நேரில் வந்தபோது, கோவை வேறு கிளைக்குப் போய்விட்டதாகச் சொல்லப்பட்டது. ஆகவே எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது. நீளத்தைப் பொறுத்தருள்க.

கோரிக்கை 1: வகுப்பு, செய்முறை, பரீட்சை நாட்களுக்குச் சம்பளத்துடனான கடமை விடுவிப்பு

எம்மில் பெரும்பாலானோர் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா முடித்துச் சேவைக்கு வந்தவர்கள். இன்று பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்த பட்டதாரித் தாதியரும் எம்மோடு அதே விடுதியில் நிற்கிறார்கள். அதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் இருபது வருடம் நோயாளரோடு நின்றவருக்கும் பட்டம் பெற ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியை இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 ஆம் ஆண்டிலேயே திறந்துவிட்டது. கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் உதவியுடன் தொடங்கிய அந்தப் பட்டநெறி, பதிவுபெற்ற, வேலையில் இருக்கும் தாதியருக்கென்றே வகுக்கப்பட்டது. வேலையில் இருப்பவரைப் படிக்க அழைக்கிறது ஓர் அரச நிறுவனம். படிக்கப் போக விடமாட்டோம் என்கிறது இன்னோர் அரச நிறுவனம்.

நடப்பதைச் சொல்கிறோம். இரவு ஏழு மணிக்கு விடுதியைப் பொறுப்பெடுத்தவர் காலை ஏழு மணிக்கு ஒப்படைக்கிறார். சீருடையை மாற்றி, வைத்தியசாலைக் குழாயில் முகம் கழுவி, ஒன்பது மணி வகுப்புக்கு பஸ் பிடிக்கிறார். வகுப்பில் கண் சொருகுகிறது. அன்று பின்னேரக் கடமையும் விழுந்திருந்தால், டியூட்டி லிஸ்ற்றில் பெயரை மாற்ற ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாற்றத்துக்குச் சம்மதித்தவரின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்புப் போச்சு. கொழும்புக்கு அருகே நாவலையிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய நாளென்றால் இரண்டு இரவும் பஸ்ஸிலேயே கழியும். ஆண்டுக்குரிய 21 நாள் அமைய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் இப்படியே கரைகின்றன. வீட்டில் செத்தவீடு வந்தால் எடுக்க லீவு மிச்சமில்லை.

விடுவிக்க முடியாமைக்குச் சொல்லப்படும் காரணம் ஆளணிப் பற்றாக்குறை. இதற்குப் பொது நிருவாக அமைச்சின் 14/2022 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை முன்வைக்கிறோம். 2022 ஜூனில், நாட்டில் டொலர் இல்லாத காலத்தில் வந்த சுற்றறிக்கை அது. வெளிநாட்டில் வேலை செய்ய விரும்பும் அரச உத்தியோகத்தர், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் போகலாம் என்றது. ஐந்து வருடத்துக்கு ஒரு தாதியை நாட்டைவிட்டே அனுப்ப விதி இடம் கொடுத்தது. இங்கேயே படித்துவிட்டு அடுத்த கடமைக்குத் திரும்பி வருகிறவரை ஒரு நாள் விடுவிக்க மட்டும் ஆள் இல்லையா?

அது சம்பளமற்ற லீவு, நீங்கள் கேட்பது சம்பளத்துடன் என்று சொல்லக்கூடும். சொல்லப்பட்ட காரணம் பணம் அல்ல, ஆள். சம்பளம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஆளில்லாத விடுதி ஆளில்லாத விடுதிதான்.

சம்பளத்துடன் படிக்க விடுவதும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. எமக்கு அருகே கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில், சேவையிலுள்ள ஆசிரியர்கள் பாடசாலையை விட்டு வந்து சம்பளம் பெற்றுக்கொண்டே இரண்டு வருடம் படிக்கிறார்கள். எமது விடுதிகளிலேயே வேலை செய்யும் வைத்தியர்கள் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தின் பயிற்சிக்குச் சம்பளத்துடன் விடுவிக்கப்படுகிறார்கள். அவர்கள் விசேட நிபுணராகத் திரும்பி வருவதால் நோயாளருக்கு நன்மை என்பதை நாம் கண்ணால் காண்கிறோம். தாதியர் படித்தால் மட்டும் நோயாளருக்கு என்ன நட்டம்?

முழுநேர லீவு நாம் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் தரும் நேர அட்டவணையை மூன்று மாதம் முன்னரே ஒப்படைக்கிறோம். அந்த நாட்களைக் கடமை நாட்களாகக் கணித்து, முதல் நாள் இரவுக் கடமையையும் தவிர்த்து டியூட்டி லிஸ்ற் தயாரிக்க வேண்டும். ஒரு விடுதியிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்ற கட்டுப்பாட்டுக்கும், படித்து முடித்தபின் குறித்த காலம் இங்கேயே சேவையாற்றும் ஒப்பந்தத்துக்கும் சம்மதிக்கிறோம். இவையும் முதற் கடிதத்திலேயே இருக்கின்றன. வாசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கோரிக்கை 2: அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை வடக்கு மாகாணத்தில் தமிழை நிருவாக மொழியாக்கியுள்ளது. மேற்படிப்புக்கான சுற்றறிக்கைகளும் விண்ணப்ப அறிவித்தல்களும் முடிவுத் திகதிக்கு முன்னரே தமிழில் கிடைக்க ஆவன செய்யப்பட வேண்டும்.

கோரிக்கை 3: பட்டநெறி ஆங்கிலத்தில் நடைபெறுவதால் மாலைநேர ஆங்கில வகுப்பு ஒன்று ஒழுங்கு செய்யப்பட வேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியரான கிறீன் 19 ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழாக்கி மானிப்பாயில் தமிழில் கற்பித்தார். நாம் அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

கோரிக்கை 4: பாடநெறிக் கட்டணத்துக்குத் தவணை முறையில் அறவிடப்படும் கடன் வசதி வழங்கப்பட வேண்டும்.

கோரிக்கை 5: பட்டம் பெற்றோரின் தகைமை அவர்தம் சுயவிபரக் கோவையில் தாமதமின்றிப் பதியப்பட வேண்டும்.

முதலாவது கோரிக்கைக்கு ஆம் அல்லது இல்லை என்று, இல்லையாயின் எந்த விதியின் கீழ் இல்லை என்று, எழுத்தில் பதில் வேண்டும். ஒரு மாதத்தில் அது கிடைக்காவிடின், எமது கடிதங்கள் எந்தக் கிளையில், யார் மேசையில் இருக்கின்றன என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு விண்ணப்பிப்போம். அந்த விண்ணப்பத்துக்குப் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தரவேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே.

இங்ஙனம்,
செயலாளர்

இணைப்பு: முன்னைய கடிதங்களின் பிரதிகள்