ஈரவையும் கட்சிப் போட்டியும்

மக்களவை ஒன்று போதாதா, மாநிலங்களவை எதற்கு என்னும் வினா தலைமுறைதோறும் எழுகின்றது. ஓர் அவை நிறைவேற்றிய மசோதாவை மற்றோர் அவை தடுத்து நிறுத்தினால், ஆளுங்கட்சியினர் அதனை முட்டுக்கட்டை என்பர். எதிர்க்கட்சியினர் அதனையே காவல் என்பர். ஆட்சி மாறினால் இருவரும் தத்தம் சொற்களை மாற்றிக்கொள்வர். இதனைக் காணும் சான்றோர், கட்சிப் போட்டியே அவைகளுக்கிடையேயான நல்லுரையாடலைக் கெடுக்கின்றது என்று வருந்துகின்றனர். ஆயின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், குற்றம் போட்டியில் இல்லை. பேசாமலே வெல்லும் குறுக்குவழி திறந்து கிடப்பதில்தான் உள்ளது என்பது புலனாகும்.

நம் அரசியல் சட்டம் ஈரவைகளையும் எல்லாவற்றிலும் நிகராக வைக்கவில்லை. சாதாரண மசோதாவில் அவைகள் முரண்பட்டால், 108ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் கூட்டு அமர்வுக்கு அழைக்கலாம். அங்கே உறுப்பினர் தொகை மிகுந்த மக்களவையின் கையே பெரும்பாலும் ஓங்கும். பண மசோதாவிலோ மாநிலங்களவை 14 நாள்களுக்குள் பரிந்துரை மட்டுமே செய்ய இயலும். அதனைக் கொள்வதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். அரசியல் சட்டத் திருத்தத்திற்கு இவ்விரு வழிகளும் இல்லை. ஒவ்வோர் அவையும் தனித்தனியே சிறப்புப் பெரும்பான்மையால் இசைந்தாக வேண்டும்.

இவ்வேறுபாட்டின் விளைவை 1978ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டுகின்றது. அப்போது மக்களவையில் ஜனதா கட்சி பெரும்பான்மை பெற்றிருந்தது; மாநிலங்களவையில் காங்கிரஸ் அணியினர் மிகுந்திருந்தனர். வங்கிப் பணியாளர் தேர்வாணையச் சட்டத்தை நீக்கும் மசோதாவை மாநிலங்களவை மறுத்தது. பின்னர் 1978 மே திங்களில் கூட்டு அமர்வு கூடியது, மசோதா நிறைவேறியது. அதே ஆண்டில், நெருக்கடி நிலைக் காலக் கொடுமைகள் மீண்டும் நேராவண்ணம் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தமும் வந்தது. மாநிலங்களவை அதில் ஐந்து பிரிவுகளை நீக்கியது. மக்களிடம் நேரே வாக்கெடுப்பு நடத்தும் ஏற்பாடும் அவற்றுள் ஒன்று. இங்கே கூட்டு அமர்வு என்னும் துணை இல்லை. ஆதலின் ஜனதா அரசு அம்மாற்றங்களை ஏற்றது. உயிர் வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்கலாகாது என்னும் காப்பு, 44ஆம் திருத்தமாக நமக்குக் கிடைத்தது. கட்சிகள் அவையே, பகைமையும் அதுவே. வழி ஒன்று அடைபட்டிருந்ததால் மட்டுமே இணக்கம் பிறந்தது.

2016ஆம் ஆண்டும் இதற்கு மற்றொரு சான்று. சரக்கு மற்றும் சேவை வரிக்கான திருத்தத்தைக் காங்கிரஸ் அரசு 2011இல் கொண்டுவந்தபோது பாரதிய ஜனதா ஆண்ட மாநிலங்கள் சில எதிர்த்தன. பின்னர் அக்கட்சியின் அரசே அதனைக் கொண்டுவந்தபோது காங்கிரஸ் தடுத்தது. ஆயினும் மாநிலங்களவையின் இசைவின்றி அது நிறைவேறாது என்பதால் இரு தரப்பும் பேசின. ஒரு விழுக்காட்டுக் கூடுதல் வரி கைவிடப்பட்டது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு இழப்பீடு உறுதி செய்யப்பட்டது. தமிழகத்தின் அ.இ.அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்ய, ஆகஸ்ட் 3ஆம் நாள் எதிர் வாக்கின்றி மாநிலங்களவையில் அது நிறைவேறியது.

அதே ஆண்டு மார்ச்சு திங்களில் ஆதார் மசோதா பண மசோதாவாக வந்தது. மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அன்றே மக்களவை ஐந்தையும் தள்ளியது. 57ஆம் பிரிவை நீக்குமாறு கோரியது அவற்றுள் ஒன்று. 2018இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அச்சட்டத்தைப் பண மசோதா என ஏற்றுக்கொண்டது. நீதியரசர் சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். எனினும் தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த 57ஆம் பிரிவு தந்த இடத்தை அந்நீதிமன்றமே செல்லாதென்றது. அவையில் ஒரு நாள் அமர்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய குறை, இரண்டாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

போட்டி நன்மையே பயக்கும் என்று நாம் வாதிடவில்லை. ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி அளிக்கும் 64ஆம் திருத்த மசோதா, பொதுத் தேர்தலை ஒட்டிய 1989 அக்டோபரில் மாநிலங்களவையில் வீழ்ந்தது. அதே நோக்கத்தை 73ஆம் திருத்தமாக 1992 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்றது. இடைப்பட்ட காலத்தின் இழப்பு சிற்றூர் மக்களுடையது. ஆனால் தாமதத்தால் வரும் இழப்பைப் பின்னர் ஈடுசெய்யலாம்; கேளாமல் செய்த சட்டத்தால் உரிமை இழந்தவர் யாரிடம் முறையிடுவார்?

ஆதலின் பண மசோதா என்னும் வாயிலைக் குறுக்கி, வரியும் செலவும் பற்றிய மசோதாக்களுக்கே அதனை உரித்தாக்குதல் வேண்டும். ஆள்வோரை இடித்துரைக்கும் துணை வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. இடித்துரைப்பவர் எதிர்க்கட்சியினர் என்பதனாலேயே அவர் சொல் பொய்யாகிவிடாது. நாளை வாக்குச் சாவடிக்குச் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்கள் ஒன்றை மட்டும் மனத்திற் கொள்வார்களாக. ஒரு மசோதாவை எக்கட்சி தடுத்தது என்று மட்டும் கேளாதீர்கள். தடுத்தபோது அவர் சொன்ன காரணம் யாது, அதற்கு ஆள்வோர் தந்த விடை யாது என்று கேளுங்கள். விடை தர வேண்டிய நிலையில் ஆட்சியை நிறுத்துவதே ஈரவை முறையின் பயன்.