மனை வாங்குவோரும் மறந்துபோன சங்கதியும்

காரைக்கால் வட்டாரத்தில் சுரக்குடி முதலிய ஊர்கள் காவிரிப் பாசனத்தின் கடைமடையாகும். இப்பகுதியிலும், இதைச் சூழ்ந்துள்ள நாகை, மயிலாடுதுறை ஜில்லாக்களிலும் நெல் விளைந்த வயல்கள் கல் நட்டு மனையாகி வருவதை எவரும் அறிவர். விளைச்சல் கட்டாமல் விற்கிறவரையும், குடியிருக்க இடம் தேடி வாங்குகிறவரையும் நாம் குறைகூற வரவில்லை. ஜனங்கள் பெருகினால் வீடும் பெருகத்தான் வேண்டும். ஆனால் வீடு நூறு கூடும்போது குடிதண்ணீர் எவ்வளவு கூடிற்று, சாக்கடை எங்கே போய் விழுகிறது, பிள்ளைகள் ஓடியாட ஒரு குழி நிலமாவது விடப்பட்டதா என்று கேட்பவர் எத்தனை பேர்?

மனை பார்க்கப் போகிறவர் கேள்வியே கேட்பதில்லை என்று சொல்ல முடியாது. மெத்தக் கேட்கிறார். ஈசானிய மூலை தாழ்ந்திருக்கிறதா, தெருக்குத்து உண்டா, வாசல் எந்தத் திசை என்பதற்கெல்லாம் ஜோசியருக்குத் தட்சிணை கொடுத்து விடை வாங்குகிறார். வடிகால் எந்தப் பக்கம் என்று கேட்பதற்குத் தட்சிணை வேண்டியதில்லை. ஆனாலும் அதைக் கேட்பதில்லை. மழைத் தண்ணீருக்கு வாஸ்து தெரியாது, தோழர்களே! பள்ளம் எங்கேயோ அங்கேதான் அது போகும். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் லாரி லாரியாக மண் கொட்டித் தம் மனையை உயர்த்திக்கொண்டால், வாய்க்கால் தூர்ந்து, அந்தத் தண்ணீர் பழைய ஊருக்குள்ளும், பெரும்பாலும் ஊருக்கு வெளியே பள்ளத்தில் ஒதுக்கப்பட்ட சேரிக்குள்ளும் நுழைகிறது. மேடு வாங்கப் பணமில்லாதவன் முழங்கால் தண்ணீரில் சமைக்கிறான். இதுவும் அவன் தலைவிதி என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்ததாகிவிடுமா?

குடிதண்ணீர்ச் சங்கதி இதைவிட மோசமானது. கடற்கரையையொட்டிய இந்தப் பூமியில் கொஞ்சம் தோண்டினாலே நீர் தட்டுப்படும். கழிவுத் தொட்டியில் ஊறுவது அந்த நீரோடு சேருகிறது. குழாயிலோ நாள் முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. தண்ணீர் நின்ற நேரத்தில், குழாயில் விரிசல் இருந்தால் வெளியே தேங்கிய சாக்கடையை அது உள்ளே இழுத்துக்கொள்ளுகிறது. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, புதுச்சேரி சர்க்கார் பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்துப் பள்ளிக்கூடங்களை மூட நேர்ந்தது. அந்தக் கிருமிக்கு மாரியாத்தாள் கோபமும் தெரியாது, சனிப் பெயர்ச்சியும் தெரியாது. பழைய குழாயும் திறந்த சாக்கடையும் இருந்தால் அதற்குப் போதும்.

இனிப் பூங்காவைப் பார்ப்போம். எல்லைக்கு அப்புறம் தமிழ்நாட்டில் உள்ள விதி என்னவென்றால், 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். அதற்கு மேலானால் நிலமாகவே தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 'தானம்' என்பது பெயருக்குத்தான். அந்த நிலத்தின் விலையையும் சேர்த்தே மனைக்காரரிடம் வசூலித்தாயிற்று. அப்படியிருக்க, விற்பனை நோட்டீசில் ஊஞ்சலும் புல்தரையுமாக இருந்த இடம், சில வருஷங்களில் முள் மண்டி, ஒருநாள் அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் முளைத்து, பிறகு உண்டியலும் மண்டபமுமாக ஆகிவிட்டால், கேட்க வாய் எழுவதில்லை. பொது இடத்தில் கோவிலோ, மசூதியோ, மாதா கோவிலோ அனுமதியின்றிப் புதிதாகக் கட்டக்கூடாதென்று 2009 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டிருக்கிறது. 1991-ல் அதே கோர்ட்டு, பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது செல்லாதென்று தீர்ப்புச் சொல்லிற்று. அந்த வழக்கைப் போட்டவர்கள் அப்பகுதியில் குடியிருந்தவர்கள்தாம்.

1920-களில் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியில் சென்னையில் தியாகராய நகரை அமைத்தபோது பனகல் பூங்காவை நகரின் நடுவில் வைத்துத் தெருக்களை வகுத்தார்கள். (அந்த நகரை மாம்பலம் ஏரிப் பூமியில் அமைத்தது சரிதானா என்பது வேறு விவாதம்.)

புதுச்சேரியிலும் 1969-ஆம் வருஷத்து நகரமைப்புச் சட்டம் இருக்கிறது. காரைக்காலுக்கென்று ஒரு திட்டக் குழுமமும் இருக்கிறது. இல்லாமற்போனது கேட்கிற ஆள். புதுச்சேரியில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது. அதில் வந்தவர்கள் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதி குறித்தார்கள். அதையும் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். கொம்யூனில் ஜனங்களின் பிரதிநிதி இல்லாத அவ்வளவு காலமும் விண்ணப்பத்தை வாங்கினவரும் உத்தியோகஸ்தர், அனுமதி கொடுத்தவரும் உத்தியோகஸ்தர். சாக்கடை அடைத்தால் மட்டும் ஜனங்கள் மண்வெட்டி எடுக்க வேண்டும் போலும்!

ஆகையால் மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதில் பூங்கா என்று எழுதிய இடத்தில் போய் நில்லுங்கள். அது யார் பேரில் இருக்கிறதென்று பத்திர ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் நாலு பேராய்க் கூடி, வேலி போட்டுப் பலகை வைக்கும்படி கொம்யூன் ஆபீசில் எழுதிக்கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையார் வருவதற்கு முன்னால் போய்விடுவது நலம்.