இழுபடும் றப்பரும் எண் மயக்கமும்

புதுக்கடை நீதிமன்றங்களில் உரத்துப் பேசுவதனால் மட்டும் ஒரு சாட்சி நம்பப்படுவதில்லை. முதலிற் கூறியதைக் குறுக்கு விசாரணையிலும் மாற்றாது கூறுகின்றாரா என்பதே அங்கு நோக்கப்படும். வழக்கறிஞர் அறிந்த இவ்வெளிய உண்மையை, மின்கடத்தும் றப்பரினால் விகாரமானிகளை ஆக்கும் ஆய்வாளருட் பலர் மறந்துவிட்டனர். 'உணர்திறனை உயர்த்தினோம்' என்பதே அவர்தம் கட்டுரைகளின் பல்லவி. அதற்குச் சான்றாக ஓர் எண் தரப்படும். அவ்வெண் மறுநாளும் அதுவாகவே இருக்குமா என்று கேட்பார் இல்லை.

அவ்வெண்ணே மானிக் காரணி. ஒரு பொருளை இழுக்கையில் அதன் மின்தடை மாறும் விகிதத்தை நீட்சியின் விகிதத்தால் வகுக்கக் கிடைப்பது அது. பாலங்களில் ஒட்டப்படும் உலோகத்தகட்டு மானிக்கு இது ஏறத்தாழ 2. ஆயின் அத்தகடு சில சதவீதம் நீண்டாலே பழுதாகும். விரலின் மடிப்பை அதனாற் பின்பற்ற இயலாது. எனவே றப்பர் வேண்டப்பட்டது. றப்பர் மின்கடத்தாது, ஆகையால் புகைக்கரியோ காரீயமோ கிராபீனோ அதனுட் கலக்கப்பட்டது. துகள்கள் தொட்டும் நெருங்கியும் நிற்குமளவும் மின் ஓடும். இழுத்தாற் பாதைகள் அறும், தடை ஏறும்.

சூழ்ச்சி இங்கேதான் உள்ளது. துகள்களைக் குறைத்து, பாதை முற்றாக அற்றுப்போகும் எல்லையருகே கலவையை நிறுத்தினால் மானிக் காரணி விண்ணை முட்டும். எஞ்சியவை சில பாதைகளே. சிறு இழுவைக்கும் அவை அறுந்துவிடும். ஆனால் அதே காரணத்தால் ஒரு வார்ப்பைப் போல் மறுவார்ப்பு அமையாது.

2014 இல் தென்கொரிய ஆய்வாளர் மெல்லிய உலோகப் படலத்தில் விரிசல்களை உண்டாக்கி ஆக்கிய மானி 2000 ஐக் கடந்த காரணியைக் காட்டிற்று. ஆனால் 2 சதவீத நீட்சிக்குள் மட்டுமே. அதே ஆண்டில் டப்ளின் திரித்துவக் கல்லூரியினரும் சரே பல்கலைக்கழகத்தினரும் றப்பர் நாடாவிற் கிராபீனைப் புகுத்தினர். அதன் காரணி உச்சமாக 35. நீட்சியோ 800 சதவீதத்துக்கும் மேல். எண்ணை மட்டும் நோக்குவோர் முன்னதையே மெச்சுவர். 2016 இல் டப்ளினார் சிலிக்கோன் களியிற் கிராபீனைப் பிசைந்து 500 ஐக் கடந்தனர். சிறு சிலந்தியின் காலடியையும் அது உணர்ந்தது. அருஞ்செயலே. எனினும் களி களிதான். தன்னுள் தானே மீள ஒட்டிக்கொள்வதால் அதன் தடை நேரத்தோடு மாறும்.

புகைக்கரி கலந்த றப்பரும் குற்றமற்றதன்று. இழுத்து விட்டால் அதன் தடை வந்த வழியே மீள்வதில்லை. முதல் இழுப்பின் கோடும் அடுத்த இழுப்பின் கோடும் வேறு. இழுத்தபடியே வைத்திருந்தாலும் தடை மெல்ல நகரும். பாரிசவாதத்தாற் கை தளர்ந்த ஒருவர் இத்தகைய மானி பொருத்திய கையுறையுடன் விரல் மடக்கப் பயில்கின்றார் எனக் கொள்வோம். அசையாத விரல் அசைந்ததாக மருத்துவர் குறித்துக்கொள்வார். உணர்திறன் மிகுந்த மானி அப்பொய்யை இன்னும் உரத்துச் சொல்லும்.

இலங்கையில் வேறொரு மயக்கமும் உண்டு. 1876 இல் ஹெனரத்கொடையில் நடப்பட்ட றப்பர் கன்றுகளையும், போகல, கஹட்டகஹா சுரங்கங்களின் காரீயத்தையும் காட்டி, 'இரண்டும் நம்மிடம் உள்ளன. கலந்தாற் போதும்' என்பார் உளர். கலப்பது எளிது. றப்பர்ப் பாலின் இயல்போ மரத்தின் இனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப வேறுபடும். பால் வெட்டும் தொழிலாளியும் இதனை அறிவார். இவ்வேறுபாடு மானியின் அளவீட்டில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதை ஆராய, தோட்டங்களும் அகலவத்தை றப்பர் ஆராய்ச்சி நிலையமும் அருகிலுள்ள இந்நாட்டு ஆய்வுகூடங்களை விடத் தகுந்த இடம் எது? ஒரே கலவையிற் பத்து வார்ப்புகள், ஒவ்வொன்றும் பத்தாயிரம் இழுப்பு, கொழும்பின் வெக்கையிலும் ஈரத்திலும்.

இத்தகைய கட்டுரையை வெளிநாட்டு இதழ்கள் ஏற்கமாட்டா என்பது வழக்கமான மறுப்பு. இதழுக்காக மானி செய்வோர்க்கு அது பொருந்தும். கையுறை அணியப்போகின்றவர் அவ்விதழைப் படிப்பதில்லை.