இன்டர்நேஷனல் எகனாமிக்ஸ் படிக்க ஆசையா? முதலில் உங்கள் கணக்குப் பேப்பரை எண்ணுங்கள்!

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50% வரி விதித்ததும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் கலங்கிப்போனார்கள். வரிப்போர், டாலர் மதிப்பு, ரஷ்ய எண்ணெய் என்று தினமும் செய்தி படிக்கும் பலருக்கும் 'இதையே படிப்பாகப் படித்தால் என்ன?' என்று தோன்றுகிறது. தேடினால் 'எம்.ஏ. இன்டர்நேஷனல் எகனாமிக்ஸ்' என்று வந்து நிற்கும். பெயரே அழகு. ஆனால் அந்தப் பெயரை நம்பி விண்ணப்பிப்பதுதான் ஆபத்து.

பாடத்தில் என்ன இருக்கும்?

உலக அரசியல் அலசல் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஓர் உதாரணம் பார்க்கலாம். இரு நாடுகளின் பொருளாதாரம் பெரிதாக இருந்தால் அவற்றுக்கு இடையே வணிகம் கூடும், தூரம் அதிகமானால் குறையும். 1962-ல் யான் டின்பெர்கன் முன்வைத்த 'கிராவிட்டி மாடல்' சொல்வது இதைத்தான். கேட்க எளிது. ஆனால் வகுப்பில் இதை லாகரிதமாக மாற்றி, பல நாடுகளின் பல ஆண்டுத் தரவில் ரிக்ரஷன் ஓட்டி, வரி போட்டதால் வணிகம் எவ்வளவு குறைந்தது என்று நிரூபிக்க வேண்டும். கால்குலஸ், மேட்ரிக்ஸ், புள்ளியியல், ஆர் அல்லது ஸ்டேட்டா மென்பொருள்... இவைதான் அன்றாட வேலை.

என்ன தகுதி கேட்கிறார்கள்?

நம்மூர் மாணவர்கள் அதிகம் பார்க்கும் ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இதே பெயரில் ஆங்கில வழி முதுகலை இருக்கிறது. பொதுவாக இத்தகைய படிப்புகளுக்கு ஒரு இளங்கலைப் பட்டம், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், படிக்க விரும்பும் காரணத்தை விளக்கும் கடிதம் ஆகியவை தேவை. சில இடங்களில் ஜிஆர்இ-யும் கேட்பார்கள்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, 'ஈசிடிஎஸ்' என்ற ஐரோப்பிய கிரெடிட் கணக்கை. ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட், மூன்றாண்டுப் பட்டத்துக்கு 180. அதில் மைக்ரோ, மேக்ரோ, கணிதம், புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ் பாடங்களில் குறைந்தபட்சம் இத்தனை கிரெடிட் வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் நிபந்தனை வைக்கின்றன. எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பி.இ. படித்தவருக்குக் கணிதம் தாராளமாக இருக்கும்; மைக்ரோ, மேக்ரோ பெரும்பாலும் இருக்காது. பி.காம்.காரரிடம் அக்கவுன்ட்ஸ் இருக்கும், எகனாமெட்ரிக்ஸ் இருக்காது. பி.ஏ. பொருளாதாரம் படித்தவர்? பல கல்லூரிகளில் பிளஸ் 2-வில் கணிதம் எடுக்காதவரும் இதில் சேரலாம். மூன்றாண்டில் ஓரிரு புள்ளியியல் பேப்பரோடு பட்டம் வாங்கிவிடலாம். முதல் வகுப்பு வாங்கியும் தகுதி இல்லை என்று பதில் வந்தால், அது மாணவரின் குற்றம் மட்டுமா? கணிதம் குறைந்த பொருளாதாரப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு 'உலகம் உன் கையில்' என்று பட்டமளிப்பு விழாவில் பேசுவது நியாயமில்லை.

மார்க்கை எப்படி மாற்றுகிறார்கள்?

ஜெர்மனியில் 1 மிகச் சிறந்த மதிப்பு, 4 பாஸ். நம் மதிப்பெண்ணை 'பவேரியன் ஃபார்முலா' மூலம் மாற்றுகிறார்கள். முழு மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, முழு மதிப்பெண்ணுக்கும் பாஸ் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். பாஸ் 40 என்றால் 70% வாங்கியவருக்கு 2.5 வரும். பாஸ் 50 என்றால் அதே 70%-க்கு 2.8! சேர்க்கைக்கு 2.5 வேண்டும் என்று கேட்கும் இடத்தில் இந்தச் சின்ன வித்தியாசமே கதவைச் சாத்திவிடும்.

செலவு?

இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் எனும் சான்றிதழ் சரிபார்ப்பு 2022 நவம்பர் முதல் கட்டாயம். விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுன்ட்'டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. பலர் இந்தப் பணத்தைக் கடனாகத்தான் புரட்டுகிறார்கள். எனவே தகுதியைச் சரிபார்க்காமல் இறங்குவது விளையாட்டு இல்லை.

அப்போ என்ன செய்யலாம்?

* ஏஜென்சியிடம் போகும் முன், பல்கலைக்கழக இணையதளத்தில் சேர்க்கை விதிமுறையை நீங்களே படியுங்கள். சில ஏஜென்சிகளுக்குத் தனியார் நிறுவனங்கள் கமிஷன் தருகின்றன. அவர்கள் காட்டும் பட்டியல் உங்களுக்கானதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.
* உங்கள் மார்க்‌ஷீட்டில் உள்ள ஒவ்வொரு பாடத்தையும் அந்த விதிமுறைக்கு எதிரே எழுதிப் பாருங்கள். சிலபஸையும் கல்லூரியில் இருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'பிசினஸ் மேத்ஸ்' என்ற தலைப்பை மட்டும் பார்த்து யாரும் கிரெடிட் தர மாட்டார்கள்.
* இன்னும் கல்லூரியில் படிப்பவர் என்றால், சுயம் தளத்தில் கணிதம், எகனாமெட்ரிக்ஸ் பாடங்களைத் தேர்வு எழுதி முடித்து, அவற்றின் கிரெடிட்டை மார்க்‌ஷீட்டிலேயே சேர்க்க முடியுமா என்று கல்லூரியில் கேளுங்கள். படித்து முடித்தவர் என்றால், அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று பல்கலைக்கழகத்துக்கே ஒரு மெயில் போடுங்கள்.
* ஜெர்மனி மட்டுமே வழி இல்லை. டெல்லியில் ஜேஎன்யு, ஐஐஎஃப்டி, சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் படித்துவிட்டு வெளிநாடு போகலாம். இடையில் விட்டுப்போன பாடங்களையும் அங்கேயே பிடித்துவிடலாம்.

கணக்கு வராதவர்களுக்குப் பொருளாதாரம் வேண்டாம் என்பதல்ல வாதம். கணக்கு வராது என்று பிளஸ் 1-ல் எடுத்த முடிவை 23 வயதில் மாற்ற முடியும். ஓராண்டு உழைப்பு கேட்கும், அவ்வளவுதான். அந்த ஓராண்டைத் தவிர்க்கப் பார்த்து, 12 லட்சத்தைப் பணயம் வைப்பதுதான் தப்புக் கணக்கு.