நார்கொண்டம் தீவும் நம் பாலாறும்

விரிஞ்சிபுரத்துப் பாலாற்று மணலில் நிற்கும் நமக்கு, அந்தமான் கடலின் நடுவே தனித்துக் கிடக்கும் நார்கொண்டம் என்னும் தீவைப்பற்றி என்ன கவலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். கவலை உண்டு என்பதே எமது துணிபு.

அத்தீவு அடங்கிக் கிடக்கும் எரிமலையொன்றின் சிகரமாகும். அதன் உயரம் 710 மீட்டர். பரப்போ ஏறக்குறைய 7 சதுர கிலோமீட்டரே. அடர்ந்த கானகம் மூடிய அச்சிறு நிலத்தையன்றி உலகில் வேறெங்கும் வாழாத இருவாய்ச்சிப் பறவையினம் ஒன்று அங்கு உண்டு. பெண் பறவை பெருமரப் பொந்தினுட் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பறவை அத்தி முதலிய கனிகளைக் கொணர்ந்து சிறு துளைவழியே ஊட்டும். தான் உண்ட கனிகளின் வித்துக்களை அப்பறவை காடெங்கும் பரப்ப, அவற்றினின்று எழும் மரங்களே அதன் வழித்தோன்றல்களுக்கு உணவும் உறையுளும் ஆகின்றன. மரம் இன்றேல் பறவை இல்லை. பறவை இன்றேல் காடும் குன்றும்.

1977-ஆம் ஆண்டில் இத்தீவு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. எனினும், அங்குள்ள காவலர் உணவிற்கெனக் கொண்டுவந்த ஆடுகள் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்தழித்தன. அவற்றை அகற்றப் பல்லாண்டுகள் சென்றன. கடலோரக் காவற்படை அங்கு ராடார் நிலையம் அமைக்கக் கேட்டபொழுது, 2012-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. 2014-ல் இசைவு அளிக்கப்பட்டது. நாட்டிற்குக் காவல் வேண்டா என்று யாம் கூறோம். சிறு நிலத்திற் சிறு குறையும் பெருங்கேடாகும் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்றே கூறுகின்றோம்.

இதனை உரைக்க நமக்கு உரிமை உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு முதலிய ஊர்களின் தோல் தொழில் பல்லாயிரவர்க்குச் சோறளித்தது; அதனை யாம் மறக்கவில்லை. ஆயினும் கழிவுநீர் ஆற்றிலும் கிணற்றிலும் கலந்து நீர் உவர்த்த பின்னரன்றோ நாம் விழித்தோம்! 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, துன்புற்றோர்க்கு இழப்பீடு கணக்கிடவும் ஆணையிட்டது. கிணறு கெட்டவன் இழப்பீடு பெறலாம். வேற்றூர் நீரைக் கொணர்ந்தும் உயிர் வாழலாம். நார்கொண்டத்துப் பறவைக்கு வேற்றூர் ஏது? அதற்கு இழப்பீடு அளிப்பவர் யார்? பெறுவதுதான் யார்?

கெட்ட பின் கணக்கிடுவதன் பயனைப் பாலாறு நமக்குக் காட்டிவிட்டது. கெடுமுன் கணக்கிடுக என்று உரக்கச் சொல்ல, இவ்வாற்றங்கரை மாணவரினும் தகுதியுடையார் எவருளர்?