சலங்கை ஏன் பரணுக்குப் போகிறது?

அரங்கேற்றம் என்றால் மேடையில் ஏறுவது என்று பொருள். மேடையை விட்டு இறங்குவது என்று எந்த அகராதியும் சொல்லவில்லை. ஆனால் இன்று பல வீடுகளில் நடப்பது என்னவோ அதுதான். ஐந்து வயதில் ஒரு பெண் நாட்டிய வகுப்பில் சேருகிறாள். பதினைந்து வயதில் அரங்கேற்றம். கலியாணப் பத்திரிகையைப் போலப் பத்திரிகை அடிக்கிறார்கள். மண்டபம், பட்டில் தைத்த உடைகள், நகை, பக்கவாத்தியம், புகைப்படக்காரர், சாப்பாடு என்று செலவு சில லட்சங்களைத் தொட்டுவிடுகிறது. பிரமுகர் ஒருவர் மேடையேறி, எதிர்காலத்தில் இந்தக் குழந்தை பெரிய கலைஞராக விளங்கும் என்று ஆசீர்வதிக்கிறார். அடுத்த வாரம் பரீட்சைக்குத் தனிப்பயிற்சி ஆரம்பமாகிறது. சலங்கை பரணுக்குப் போகிறது. அத்துடன் சரி!

பரீட்சைதான் கெடுத்தது என்று பெற்றோர் சொல்வார்கள். அது பாதி உண்மை. பரீட்சை எழுதியவர்கள் எல்லாரும் பாட்டை விட்டுவிடவில்லை, பந்தாட்டத்தையும் விட்டுவிடவில்லை. நாட்டியம் மட்டும் ஏன் இத்தனை சுலபமாக விட்டுப் போகிறது? பத்து வருஷத்தில் அந்தப் பெண் கற்றது என்ன என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

அவள் கற்றது ஓர் அலாரிப்பு, ஒரு ஜதிஸ்வரம், ஒரு சப்தம், ஒரு வர்ணம், இரண்டு மூன்று பதங்கள், ஒரு தில்லானா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள் செம்மைப்படுத்திக் கொடுத்த வரிசை இது. மிக அருமையான வரிசை. உடம்பை மெல்லத் தட்டி எழுப்பி, வர்ணத்தில் மலை உச்சிக்குக் கொண்டு போய், பதத்தில் நிழலில் உட்கார வைத்து, தில்லானாவில் துள்ள விடுகிறது. ஆனால் உருப்படிகளை மனப்பாடம் செய்வது வேறு. நாட்டியம் கற்பது வேறு. ஆறு கடிதங்களை ஒப்பிக்கத் தெரிந்தவன் அந்தப் பாஷையைக் கற்றவன் ஆவானா? ஏழாவது கடிதம் எழுதச் சொன்னால் விழிக்க மாட்டானா?

நாட்டியத்துக்கு எழுத்து, அடவு. அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவு, நாட்டடவு, குத்தடவு என்று ஒவ்வொன்றையும் மூன்று காலத்திலும் ஆட வேண்டும். நட்டுவனார் தட்டுக்கழியால் பலகையில் தட்டி, முதல் காலத்தை அவசரமே இல்லாமல் நடத்துவார். பார்ப்பவர்களுக்கு வேகமான மூன்றாம் காலம்தான் கஷ்டம் என்று தோன்றும். ஆடுகிறவர்களைக் கேட்டால் முதல் காலம்தான் கஷ்டம் என்பார்கள். வேகத்தில் பல குறைகள் மறைந்துவிடும். மெதுவாக ஆடும்போது கை எங்கே நிற்கிறது, முழங்கால் எந்தப் பக்கம் சாய்கிறது, முதுகு கூனுகிறதா என்பதெல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். அரைமண்டியில் தொடை இடுப்பிலிருந்தே திரும்ப வேண்டும். பாதத்தை மட்டும் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் முழங்கால் பழிவாங்கும். கெட்டியான சிமெண்டுத் தரையில் வருஷக் கணக்கில் ஓங்கி மிதித்தாலும் அதே கதிதான். இவற்றையெல்லாம் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பில் சரிசெய்ய முடியாது. தினசரி அரை மணி நேரம் அடவு மட்டும் செய்கிற பெண், வாரம் ஒரு நாள் மூன்று மணி நேரம் வர்ணம் ஆடுகிற பெண்ணைவிட வெகு தூரம் போவாள். ஆனால் அடவு செய்வதைப் பார்க்க எந்த மாமாவும் அத்தையும் வரமாட்டார்கள். படம் பிடித்து அனுப்பவும் அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அதற்கு நேரம் கிடைப்பதில்லை போலும்.

இது உடம்பின் விஷயம். கற்பனையின் விஷயம் இன்னும் மோசம்.

பதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைவன் இன்னும் வரவில்லை என்று நாயகி தோழியிடம் சொல்கிறாள். பாட்டில் இருப்பது ஒரே வரி. பாடகி அதைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள். ஒரு முறை நாயகி வாசலைப் பார்க்கிறாள். அடுத்த முறை தொடுத்த பூ வாடிவிட்டதைப் பார்க்கிறாள். பிறகு, வேறு யார் வீட்டிலாவது இருப்பாரோ என்று சந்தேகம். பிறகு கோபம். பிறகு, கோபித்துக்கொள்ள நாம் யார் என்று தன்மேலேயே ஓர் இளக்காரம். வரி மாறவில்லை, அபிநயம் மாறுகிறது. இதை எழுதிவைத்துக்கொண்டு ஆட முடியாது. பாடுகிறவள் ராகத்தில் ஓரிடத்தில் தயங்கினால் ஆடுகிறவளும் தயங்குவாள். ஆடுகிறவளின் கண்ணில் ஒரு புதிய பாவம் தோன்றினால் பாடுகிறவள் அதற்கு இடம் கொடுத்து இன்னொரு முறை பாடுவாள். இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி அது. இன்றைய போட்டிகளிலும் பள்ளி விழாக்களிலும் பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு ஆடுகிறார்கள். பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் தயங்காது. நாலு தடவை என்றால் நாலே தடவை. அத்துடன் ஆடிப் பழகிய குழந்தைக்கு, ஐந்தாவது தடவையில் என்ன செய்வது என்ற கேள்வியே எழுவதில்லை. கற்பனை இல்லை என்று அவளைச் சொல்வது அநியாயம். கற்பனைக்கு அங்கே வேலையே கொடுக்கவில்லையே!

பாலசரஸ்வதி அம்மையாரின் பெயர் இந்த இடத்தில் வராமல் இருக்க முடியாது. 1918-ல் பிறந்த அவர், 1925-ல் காஞ்சிபுரம் காமாட்சியம்மன் கோயிலில் ஏழு வயதில் அரங்கேறினார். குரு கந்தப்ப பிள்ளை. கண்டிப்புக்குப் பேர்போனவர். இன்றைய கணக்கில் பார்த்தால், அரங்கேற்றம் முடிந்தது, பாலாவின் படிப்பும் முடிந்தது என்று ஆகியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. அதற்குப் பிறகும் பல வருஷங்கள் கந்தப்ப பிள்ளையிடம் பயின்றார். கூச்சிப்பூடி வேதாந்தம் லக்ஷ்மிநாராயண சாஸ்திரியாரிடம், ஒரே சொல்லுக்கு விதவிதமாக அபிநயம் பிடிக்கும் கலையைக் கற்றார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பதங்களைக் கற்றுக்கொண்டார்.

அவருடைய வீட்டையும் மறக்கக் கூடாது. பாட்டி வீணை தனம்மாள். வெள்ளிக்கிழமை மாலை தனம்மாள் வீணையைத் தொட்டால், பெரிய பெரிய வித்வான்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்பார்கள் என்பது சென்னையின் சங்கீத சரித்திரம். தாய் ஜயம்மாள் பாடகி. மகள் ஆட, தாய் பாடுவார். பாலாவும் ஆடிக்கொண்டே தாமும் பாடுவார். இப்படி ஒரு வீட்டில் வளரும் குழந்தைக்கு, எது நல்ல சங்கதி, எது வெறும் அலங்காரம் என்பதை யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்ல வேண்டியதில்லை. காது தானாகக் கற்றுக்கொள்ளும். 1973-ல் சென்னை மியூசிக் அகாடமி பாலசரஸ்வதிக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. சங்கீத வித்வான்களுக்கென்றே இருந்த விருது ஒரு நர்த்தகிக்குப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆட்டக்காரியைச் சுற்றி இப்படி ஒரு கூட்டம் வேண்டும் என்பது புதுச் சரக்கு அல்ல. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைப் புரட்டிப் பாருங்கள். மாதவி ஐந்து வயதில் தொடங்கி, ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் முன்னே ஆடுகிறாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். ஆனால் இளங்கோவடிகள் உடனே அவளுடைய ஆட்டத்துக்குப் போய்விடவில்லை. ஆடலாசான் எப்படிப்பட்டவன், இசையாசிரியன் என்ன தெரிந்தவன், பாட்டு இயற்றும் புலவன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் இவர்களுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று ஒவ்வொருவராக நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். பிறகு, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடையின் அளவு. அதற்கும் பிறகுதான் மாதவி வலக்காலை முன் வைத்து ஏறுகிறாள். அந்தக் காதையோடு அவள் ஆட்டமும் நின்றுவிடவில்லை. மூன்று காதை தள்ளி, கடலாடு காதையில் பதினோரு வகைக் கூத்தை அவள் ஆடியதாக வருகிறது!

பழைய கூட்டம் கலைந்து போனதற்குக் காரணம் உண்டு. கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் பல பெண்களின் வாழ்க்கையை வதைத்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் அது சட்டத்தால் நின்றது, நின்றது நல்லதே. அந்த வழக்கத்தின் கெடுதல் ஒழிந்தபோது, அந்த வீடுகளில் இருந்த சங்கீதமும், தாயும் மகளும் சேர்ந்து செய்த சாதகமும் கேட்பாரற்றுப் போயின. கலையை எடுத்துக்கொண்டவர்கள், அதைக் காத்துத் தந்த குடும்பங்களுக்கு உரிய மரியாதையைத் தந்தார்களா என்பது வேறொரு பெரிய வழக்கு. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தச் சூழ்நிலையை வேறு விதத்தில் அமைக்கச் சிலர் முயன்றார்கள் என்பது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். 1944-ல் அங்கே குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமாயிற்று. 1955 முதல் ராமாயண நாடகங்கள் வரிசையாக வந்தன. நாட்டிய நாடகத்தில் ஒரு லாபம் உண்டு. கதாநாயகி ஒருத்திதான்; ஆனால் தோழியாக, மானாக, குரங்காக நிற்பவர்களும் முழு ஒத்திகையையும் பார்த்தாக வேண்டும். தன்னைவிடத் தேர்ந்தவர்கள் தடுமாறுவதையும் திருத்திக்கொள்வதையும் கிட்டத்தில் நின்று பார்ப்பதற்கு ஈடான பாடம் கிடையாது. தனியாக வந்து, தனியாகக் கற்று, தனியாக அரங்கேறும் குழந்தைக்கு அந்தப் பாடம் கிடைப்பதே இல்லை.

"எல்லாரும் பாலசரஸ்வதி ஆக முடியுமா? எங்கள் பெண் டாக்டருக்குப் படிக்க வேண்டாமா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாராளமாகப் படிக்கட்டும். மேடையே வாழ்க்கையாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பாட்டுக் கற்ற பெண் நாற்பது வயதிலும் நவராத்திரிக் கொலுவில் உட்கார்ந்து ஒரு கிருதி பாடுகிறாளே. நாட்டியம் கற்றவளுக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் ஏன் இருக்கக் கூடாது? சிதம்பரத்தில் 1981-ல் தொடங்கிய நாட்டியாஞ்சலியில், சிவராத்திரியை ஒட்டிப் பல ஊர்க் கலைஞர்கள் வந்து நடராஜர் சந்நிதானத்தை நினைத்து ஆடுகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களிலும், அரங்கேற்றம் முடிந்து கல்லூரிக்குப் போன பிறகு சிநேகிதிகளோடு ஒரு குழுவாகச் சேர்ந்துகொண்ட பெண்கள்தான் ஆட்டத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். தனியாகச் சாதகம் செய்கிறவளுக்குச் சோம்பல் வரும். நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் கால் தானே கிளம்பும்.

அரங்கேற்றச் செலவில் பாதியை வேறு வழியில் திருப்பினால் எவ்வளவோ செய்யலாம். மாதம் ஒரு முறை ஒரு பாடகியையும் மிருதங்கக்காரரையும் வகுப்புக்கு அழைத்து, மாணவிகளை முறை வைத்து ஆடச் சொல்லலாம். வெறும் சேலையைக் கட்டிக்கொண்டு ஆடினால் போதும். நகை வேண்டாம், மைவிளக்கு வேண்டாம். பெரிய பெண்கள் சின்னக் குழந்தைகளுக்குத் தட்டடவு சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தன் கால் எங்கே தப்புகிறது என்று தெரியும். நட்டுவாங்கத் தாளத்தைக் கையில் கொடுத்து, ஒரு ஜதியைச் சொந்தமாகக் கோக்கச் சொல்லலாம். மற்றவர்களின் கச்சேரிக்கும் கூட்டிக்கொண்டு போகலாம். தங்கள் பெண் ஆடும்போது மட்டும் சபைக்கு வருகிற பெற்றோர் எத்தனை பேர் என்பது சபாக் காரியதரிசிகளுக்கு நன்றாகத் தெரியும்.

அரங்கேற்றத் தேதியைப் பற்றியும் அவசரம் வேண்டாம். பழகாத ஒரு பதத்தைக் கொடுத்து, பாடகியைப் பாடச் சொல்லிவிட்டு, ஆசிரியை பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும். பெண் பயப்படாமல் எழுந்து, முதல் வரியைத் தானாக நாலு விதமாகச் சொல்லிப் பார்க்கிறாளா? அப்படியானால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டலாம்.