பெரிய சாமியாரின் இரண்டு கணக்குகள்

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கிறது ஜென்மராக்கினி மாதா பேராலயம். ஊர்க்காரர்களிடம் சம்பாக் கோயில் என்று கேட்டால்தான் சட்டென்று வழி சொல்வார்கள். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தள்ளியபோது, அங்கிருந்த பழைய கோயிலும் தப்பவில்லை. இப்போது நிற்கும் கட்டடம் முடிந்தது 1791-ல். அதன் புதுக்கருக்கு அழிவதற்குள், பிரான்ஸிலிருந்து ஓர் இளம் பாதிரியார் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் ழான் அந்துவான் துபுவா. அபே துபுவா என்றால் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். 'அபே' என்பது பிரெஞ்சுக்காரர்கள் பாதிரியாரை மரியாதையாக அழைக்கும் சொல். தென் பிரான்ஸில் அர்தேஷ் பகுதியில் ஒரு கிராமத்துப் பிள்ளை. 1792-ல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டு கப்பலேறிவிட்டார். வயது முப்பதைத் தொடவில்லை. பிரான்ஸில் புரட்சி கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம் அது. அரசுக்குச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த பாதிரியார்களுக்குச் சிறையும் மரணமும் காத்திருந்தன.

இயேசு சபை 1773-ல் கலைக்கப்பட்ட பிறகு, புதுச்சேரி மிஷன் பாரிஸ் வேதபோதக சபையின் பொறுப்புக்கு வந்திருந்தது. துபுவா அந்தச் சபையைச் சேர்ந்தவர். ஆனால் அவர் வந்த வேளை சரியில்லை. 1793 ஆகஸ்டில் புதுச்சேரி மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. சொந்த நாட்டில் புரட்சி. வந்த ஊரில் அந்நியக் கொடி. இளைஞர் இரண்டையும் விட்டுவிட்டு உள்நாட்டுக் கிராமங்களை நோக்கி நடந்தார்.

வெள்ளைக்காரனின் அங்கியும் தொப்பியும் இருந்தால் ஜனங்கள் கிட்டேகூட வரமாட்டார்கள் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. இந்திய உடைக்கு மாறினார். தலைப்பாகை கட்டினார். மாமிசத்தை விட்டார். ஊர்ச் சாப்பாடு, ஊர்ப் பழக்கம், ஊர்ப் பேச்சு என்று வாழ்ந்தார். அவருக்கு முன்னால் ராபர்ட் தெ நோபிலியும் வீரமாமுனிவரும் நடந்த பாதைதான் அது.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு காலத்தில் சிறைப்பட்டு, கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட கத்தோலிக்கர்கள் மைசூர்ச் சீமையில் சிதறிக் கிடந்தார்கள். அவர்களைக் கவனிக்கக் குரு இல்லை. துபுவா அங்கே போனார். சிதறியவர்களைச் சேர்த்தார். ஹாசனுக்கு அருகே சாத்தள்ளியில் நிலம் திருத்தி, பிழைக்க வழியில்லாத குடும்பங்களைக் குடியேற்றினார். கன்னட ஜனங்கள் அவரை 'தொட்ட சுவாமியவரு' என்றார்கள். பெரிய சாமியார் என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் ஊரையே காலி செய்யும் நோய் ஒன்று இருந்தது. பெரியம்மை. வேப்பிலை கட்டி, மஞ்சள் நீர் தெளித்து, 'அம்மா வந்திருக்கிறாள்' என்று பயபக்தியோடு காத்திருப்பதைத் தவிர மக்களுக்கு வேறு வழி தெரியாது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மைப் பாலைக் கொண்டு தடுப்பு முறை கண்டதை வெளியிட்டது 1798-ல். 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு அம்மை குத்தினார்கள். இந்தியாவில் அதுதான் முதல் முறை. குளிர்பெட்டி இல்லாத காலம். ஒரு கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து பால் எடுத்து அடுத்தவர் கையில் கீறி வைக்க வேண்டும். சங்கிலி எங்காவது அறுந்தால் மருந்தே இல்லை.

யாரோ ஒருவர் உடம்பிலிருந்து எடுத்ததை நம் குழந்தையின் கையில் வைப்பதா? ஜாதி என்ன ஆவது? அம்மன் கோபித்துக்கொண்டால்? கேள்விகள் எழாமல் இருக்குமா! சர்க்கார் வைத்தியர் சொன்னால் நம்பாத ஜனங்கள், தங்களைப் போலவே உடுத்தி, தங்களைப் போலவே சாப்பிடும் சாமியார் சொன்னபோது கையை நீட்டினார்கள். 1803-04-ல் அவருடைய மேற்பார்வையில் அம்மை குத்திக்கொண்டு பதிவேட்டில் இடம்பெற்றவர்கள் 25,432 பேர்.

இது முதல் கணக்கு.

இரண்டாவது கணக்கை அவரே எழுதினார். 1823 ஜனவரியில் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அதே ஆண்டு, இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றி அவர் எழுதிய கடிதங்கள் லண்டனில் புத்தகமாக வந்தன. ஒரு பாதிரியார் என்ன எழுதுவார்? ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று எழுதியிருக்கலாம். கடல் தாண்டி வந்து யார் சரிபார்க்கப் போகிறார்கள்? துபுவா அப்படிச் செய்யவில்லை. இருபத்தைந்து ஆண்டு உழைப்பில், உள்ளூர்க் குரு ஒருவரின் உதவியோடு, தன்னால் கிறிஸ்தவரானவர்கள் இருநூறிலிருந்து முந்நூறு பேர்தான் என்று எழுதினார். உடை, உணவு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு ஏறக்குறைய இந்துவாகவே வாழ்ந்தும் பலன் இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டார்.

லண்டனில் பெரும் புயல். மிஷன் சங்கங்களுக்கு நன்கொடை குவிந்துகொண்டிருந்த காலம் அது. மறு ஆண்டே மறுப்பு நூல்கள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றை எழுதியவர் ஜேம்ஸ் ஹாஃப். நம் பாளையங்கோட்டையில் ராணுவத்துக்குக் குருவாக இருந்தவர். திருநெல்வேலிச் சீமையைக் கண்ணால் பார்த்தவர், இங்கே கிறிஸ்தவம் வளராது என்ற முடிவை ஏற்பாரா? அந்த விஷயத்தில் ஹாஃப் பக்கம்தான் காலம் நின்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் நெல்லையில் ஊர் ஊராக மதம் மாறினார்கள்.

துபுவா சறுக்கிய இடம் இன்னொன்றும் உண்டு. தன்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்டவர்கள், கதியற்றவர்கள், பெண் கொடுக்கல் வாங்கலுக்காகவோ வேறு ஆதாயத்துக்காகவோ வந்தவர்கள் என்று சலித்துக்கொண்டார். ஊர்க் கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டவன், தன் தலையில் ஒருவர் மரியாதையோடு தண்ணீர் ஊற்றியபோது என்ன நினைத்தான் என்று அவர் யோசிக்கவில்லை. ஆதாயம் என்று அவர் எழுதியது அவனுக்கு மானமாக இருந்திருக்கலாம்.

இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி துபுவா எழுதிய கைப்பிரதியைச் சென்னை கவர்னர் பெண்டிங்க் காலத்தில் கம்பெனி சர்க்கார் 2,000 நட்சத்திர வராகன் கொடுத்து வாங்கியது. 1816-ல் லண்டனில் அச்சாகி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் பெரும்பகுதி, புதுச்சேரியிலேயே வாழ்ந்து 1779-ல் மறைந்த இயேசு சபைப் பாதிரியார் கெர்துவின் எழுத்திலிருந்து எடுத்தது என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஞானஸ்நானக் கணக்கில் ஒன்றைக்கூடக் கூட்டாத மனிதர், முன்னோரின் உழைப்புக்கு மட்டும் பேர் சொல்லாமல் விட்டார். மனிதர்கள் அப்படித்தான். ஒரு பக்கம் நேராக இருக்கும்; மறுபக்கம் கோணும்.

ஊர் திரும்பிய பின்னும் அவருக்குத் தெற்கு மறக்கவில்லை. பஞ்சதந்திரக் கதைகளைப் பிரெஞ்சில் ஆக்கி 1826-ல் பாரிஸில் வெளியிட்டார். அதே புத்தகத்தில் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவும் அவருடைய அசட்டுச் சீடர்களும் பிரெஞ்சு பேசினார்கள். வேதபோதக சபையின் தலைவராகவும் சில ஆண்டுகள் இருந்தார். 1848-ல் பாரிஸில் காலமானார். இந்தியாவுக்கு மறுபடி வரவே இல்லை.

இந்த இரண்டு கணக்குகளில் எது பெரியது? துபுவாவைக் கேட்டிருந்தால், தான் எதற்காகக் கப்பலேறினாரோ அந்தக் கணக்கைத்தான் சொல்லியிருப்பார். அதில் தோற்றுவிட்டோம் என்ற வருத்தம் அவர் கடிதங்கள் முழுக்க இருக்கிறது. ஆனால் 25,432 பேரில் ஒருவரையும் அவர் மதம் கேட்டு வரிசையில் நிறுத்தவில்லை. அவர்களில் பெரும்பாலோர் அம்மை குத்திக்கொண்டு வீட்டுக்குப் போய், தங்கள் சாமியையே கும்பிட்டார்கள். பிள்ளைகள் பிழைத்தன. அதுபோதும் என்று அந்தத் தாய்மார்கள் நினைத்திருப்பார்கள்.

நம் நாட்டில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975-ல். 1980-ல் உலகத்தை விட்டே போனதாக அறிவித்தார்கள். வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய தாத்தா பாட்டி இருந்தால் அவர்கள் கையைப் பாருங்கள். வட்டமாய் ஒரு தழும்பு இருக்கும். அம்மை குத்திய தழும்பு. குத்தியவர் யார், என்ன மதம் என்று அவர்களுக்கு நினைவிருக்காது.

தழும்பு மட்டும் இருக்கும்.